கையால் சொன்ன வாக்குமூலம்

பத்மாசனிக்குப் பேச வருமா என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன்: "உங்களைவிட ஒழுங்காய்ப் பேச வரும்." ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில், வட்டக்கச்சிக் கொலனிக் கந்தோரில், அரசாங்கக் காணிகளுக்குப் பொறுப்பான அதிகாரி காணி ஐயாவுக்கும் அதைத்தான் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. வரட்டும் என்று நின்றேன்.

விஷயம் இதுதான். பத்மாசனியின் புருஷன் ஏரம்பு, எங்களுக்கு ஏரம்பண்ணை, வைகாசியில் செத்துப்போனார். வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி காலில் பட்டது. காயம் பழுத்து, பத்துப் பன்னிரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் ஆள் முடிந்தது. நான் அப்போது பிள்ளைப்பேற்றுக்குக் கரவெட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். கைப்பிள்ளையோடு திரும்பி வந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது.

ஏரம்பண்ணையின் பெயரில் இருந்த அரசாங்கக் காணிப் பெர்மிற்றைப் பத்மாசனியின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு அவள் நேரில் வந்து, காணியை ஏற்கிறேன், நானே செய்வேன் என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும் எனக் கடிதம் வந்தது. கடிதத்தின் பின்னாலேயே ஏரம்பண்ணையின் தம்பி அப்புத்துரை துன்னாலையில் இருந்து வந்து இறங்கினார். மச்சாள் செவிடு, ஊமை, அவளுக்கு ஒன்றும் விளங்காது, அண்ணன் சாகும்போது காணியைத் தன்னைத்தான் பொறுப்பெடுக்கச் சொன்னவர் என்று அவர் ஏற்கெனவே ஒரு பெட்டிசம் எழுதிப் போட்டிருந்தார். காணி அவர் பெயருக்குப் போனால் பத்மாசனி தன் குசினி மூலையிலேயே இன்னொருவரின் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஏழு வருஷம் காடு வெட்டி, வேர் கிளப்பி, உள்ளங்கை முழுக்கத் தழும்பு வாங்கினவள் அவள்.

"நீ போய் வாயைக் குடுத்து மாட்டாதை. கந்தோர்க்காரரோடை கொழுவினால் நாளைக்கு எங்கடை தண்ணியையும் மறிப்பாங்கள்," என்றார் என் புருஷன் சிற்றம்பலம்.

"அவாவுக்கு ஆர் வாய் குடுக்கிறது?" என்று கேட்டு, கைப்பிள்ளையை அவர் மடியில் போட்டுவிட்டு நான் வெளிக்கிட்டேன்.

எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கலாம். அவளுடைய பேச்சு விளங்குகிற ஆள் கொலனியில் நான் ஒருத்திதான். ஏனென்றால் அந்தப் பேச்சில் பாதி நான் செய்தது.

ஐம்பத்திரண்டில் நாங்கள் கொலனிக்கு வந்தபோது எங்களுக்கும் அவர்களுக்கும் அரசாங்கம் தந்த காணிகள் அருகருகே விழுந்தன. முதல் ஆறு மாதமும் நானும் அவளை ஊமைச்சி என்றுதான் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போல இருக்கிறது. ஒரு பின்னேரம் காட்டோரம் குனிந்து விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகில் ஒரு மண்கட்டி வந்து விழுந்தது. ஏசுவதற்காக நிமிர்ந்தால், வரம்பில் பத்மாசனி நிற்கிறாள். ஒரு முழங்கையை மூக்கில் வைத்து, கையைத் தொங்கவிட்டு, உடம்பையும் சேர்த்து ஆட்டுகிறாள். மற்றக் கையால் வா வா என்று காற்றை வாருகிறாள். யானை என்று விளங்கியதும் ஓடினேன். அந்தத் தனியன் யானை என் மரவள்ளி முழுவதையும் தின்றுவிட்டுப் போனது. நான் மட்டும் மிச்சம்.

மொழியைச் சிவபெருமான் தன் உடுக்கில் இருந்து தந்தார் என்று கோயிலில் பிரசங்கியார் சொல்லுவார். இருக்கலாம். எங்கள் இரண்டு பேருக்கும் அதைத் தந்தது ஒரு யானை.

முதல் நாள் அது சொல் அல்ல, கூத்து. வேலைக்கு நடுவில் ஒவ்வொரு முறையும் அப்படி ஆட யாருக்கு நேரம்? ஒரு போகம் முடிவதற்குள் அது சுருங்கிச் சுருங்கி, சுட்டுவிரலை வளைத்து மூக்கில் ஒரு தட்டு என்ற அளவுக்கு வந்துவிட்டது. புதிதாகப் பார்க்கிறவருக்கு மூக்கைச் சொறிவதாகத்தான் தெரியும். எங்களுக்கு அது யானை. பிறகு அந்தச் சொல் பெருத்தது. மற்றவன் நட்டதைத் தின்ன வருகிற எல்லாமே யானை என்றானது: பன்றி, கிளி, முறை தப்பித் தண்ணீர் திருப்புகிற மேல்வாய்க்கால்காரன்.

ஆட்களுக்குப் பெயர் வைப்பது இலகுவாக இருந்தது. ஏரம்பண்ணை என்றால் தாடியை உள்ளங்கையால் தேய்ப்பது. அப்புத்துரை ஒருமுறை வந்து நின்றபோது காதுக்குள் உண்ணி புகுந்து ஊரைக் கூட்டினார். அன்றிலிருந்து அவர் பெயர் காதைப் பிடித்து ஒரு உதறல். சிவனேஸ்வரி என்கிற எனக்கு அவள் வைத்த பெயர், ஐந்து விரலையும் வாயருகே வைத்துப் படபடவென்று அடிப்பது. கோபிக்கத்தான் பார்த்தேன். பொருத்தம் என்று சிற்றம்பலம் சிரித்ததால் விட்டுவிட்டேன்.

நாளைக்கு என்பதைச் சொல்லத்தான் பெரும்பாடு பட்டோம். நேற்று பிரச்சினை இல்லை, தோளுக்குப் பின்னால் எறிந்துவிடலாம். நாளைக்கு எங்கே இருக்கிறது, விரலால் காட்ட? நாளைக்குத் தண்ணீர் முறை எங்களுடையது என்று அவளுக்குச் சொல்லத் தெரியாமல் இரண்டு தடவை வயல் காய்ந்தது. கடைசியில் அவள்தான் கண்டுபிடித்தாள். இடக்கை உள்ளங்கையில் வலக்கைப் பெருவிரலை ஊன்றினாள், நிலத்தில் விதை ஊன்றுகிற மாதிரி. நான் வரம்பில் குந்தி இருந்து சத்தம் போட்டுச் சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம். உலகத்தில் முதன்முதல் நாளைக்கு என்று சொன்ன மனிசரும் எதையோ நட்டுவிட்டுக் காத்திருந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. படித்தவர்கள் வேறு மாதிரிச் சொல்லக்கூடும். அவர்கள் வந்து எங்கள் வயலில் நிற்கவில்லை.

கந்தோரில் காணி ஐயா கதிரையில் இருந்தார். பக்கத்து மேசையில் கிளாக்கர். சுவரோரம் நீள வாங்கில் அப்புத்துரை, சால்வையும் குடையுமாக மாப்பிள்ளை மாதிரி இருந்தார். எங்களை இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"இவதானே ஏரம்புவின்ரை பெண்சாதி?" ஐயா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அவாவைக் கேளுங்கோ ஐயா. உங்களுக்கு முன்னாலைதானே நிக்கிறா."

"அவ ஊமையெண்டு பெட்டிசத்திலை கிடக்கு."

"பெட்டிசத்திலை கனக்கக் கிடக்கும். அவாவுக்கு உங்களைவிட ஒழுங்காய்ப் பேச வரும்."

ஐயாவின் முகம் சிவந்தது. "பிள்ளை, இது விளையாட்டில்லை. வாக்குமூலம் எண்டால் வாயாலை சொல்லவேணும். நீர் சொல்லுறதை அவவின்ரை பேரிலை நான் எழுதேலாது."

"அதைத்தான் ஐயா நானும் சொன்னனான்," என்று அப்புத்துரை எழும்பினார். "இந்தப் பிள்ளை தன்ரை மனசிலை இருக்கிறதை மச்சாளின்ரை தலையிலை கட்டுறா. கை காட்டுறது ஒரு பாஷையோ? குரங்கும்தான் காட்டும்."

சொன்னதில் ஒன்றையும் விடாமல் நான் பத்மாசனிக்குக் கையில் போட்டேன், குரங்கு உட்பட. அவள் அப்புத்துரையை மேலும் கீழும் பார்த்தாள். காதைப் பிடித்து உதறி, மூக்கில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"பாருங்கோ, காதைச் சொறியிறா, மூக்கைச் சொறியிறா. இதுக்கு இந்தப் பிள்ளை இப்ப ஒரு பாரதம் படிப்பா," என்றார் அப்புத்துரை.

"பாரதம் இல்லை. அப்புத்துரை ஒரு யானை எண்டு சொல்லுறா," என்றேன். ஏன் யானை என்பதையும் சொன்னேன். காது உண்ணிக் கதையையும் சொன்னேன். கிளாக்கர் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐயா சிரிக்கவில்லை. ஆனால் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்தார். "சரி. நீர் வெளியிலை போய் நில்லும். கூப்பிடேக்கை வாரும்."

வெளியே பாலை மரத்தடியில் நின்றேன். நான் எட்டிப் பார்க்காமல் இருக்கப் பியோன் பக்கத்திலேயே நின்றான். உள்ளே ஏதோ இழுபட்டது, ஏதோ சாத்தப்பட்டது. திரும்பக் கூப்பிட்டபோது எல்லோரும் முன்பு இருந்த மாதிரியே இருந்தார்கள்.

"நீர் போனபிறகு இஞ்சை என்ன நடந்தது? அவவைக் கேட்டுச் சொல்லும்."

பத்மாசனியின் கைகள் ஓடத் தொடங்கின. நான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். "கிளாக்கர் உங்கடை மேசையிலை இருந்து சீல் கட்டையை எடுத்து அலுமாரிக்குள்ளை வைச்சவர். நீங்கள் வேண்டாம் எண்டு தலை ஆட்டினீங்கள். பிறகு அதை எடுத்து அப்புத்துரையின்ரை குடைக்குள்ளை போட்டவர். அப்புத்துரைக்கு அது பிடிக்கேல்லை. கிளாக்கருக்குப் பல்லு நோகுதாம், ஒரு கையாலை கன்னத்தைப் பிடிச்சுக்கொண்டுதானாம் எல்லாம் செய்தவர்."

கிளாக்கர் கன்னத்தில் இருந்த கையைச் சட்டென்று எடுத்தார். ஐயா எழும்பிப் போய்க் குடையைத் தலைகீழாகப் பிடித்தார். சீல் நிலத்தில் விழுந்து உருண்டது.

நான் அப்புத்துரையைப் பார்த்தேன். மூக்குடைபட்ட ஆள் பேசாமல் இருப்பார் என்று நினைத்தது என் பிழை.

"கண்ணாலை கண்டதைக் காட்டுறது பெரிய வித்தையோ ஐயா?" என்றார் அவர். "கதை எண்டது காதாலை கேக்கிறது. அண்ணன் சாகேக்கை மச்சாளும் கட்டிலடியிலைதான் நிண்டவ. அண்ணன் என்ரை கையைப் பிடிச்சு, 'தம்பி, காணியை நீ பொறுப்பெடு, இவளுக்குச் சோறு குடு' எண்டு தன்ரை வாயாலை சொன்னவர். இவவுக்கு அது கேட்டதோ? கேக்கேல்லை எண்டு சொல்ல ஏலும். சொல்லேல்லை எண்டு சொல்ல ஏலுமோ?"

காது கேட்காதவள் ஒருவர் பேசவில்லை என்று எப்படிச் சாட்சி சொல்வாள்? ஐயாவும் பெட்டிசத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். காணி போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மறைக்க எனக்கு உரிமை இல்லை. அப்புத்துரை சொன்னதை அப்படியே பத்மாசனிக்குப் போட்டேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வாயாலா என்று கேட்டாள். ஓம் என்றேன். திரும்பவும் கேட்டாள், தன் வாயைத் தொட்டு, என் வாயைத் தொட்டு. ஓம், வாயால்தானாம். அவள் சிரித்தாள். அவளுடைய சிரிப்புக்குச் சத்தம் உண்டு, கந்தோரே திரும்பிப் பார்த்தது. பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்து போய்விட்டது. அவள் பல்லைக் கடித்தாள். இரண்டு முஷ்டியையும் தாடையின் இரு பக்கமும் வைத்து இறுக்கினாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விடவில்லை. கட்டில், கரண்டி, தண்ணீர், திரும்பவும் அந்த முஷ்டி. அப்போதுதான் விளங்கியது.

"ஐயா, ஏரம்பண்ணைக்கு வாய் பூட்டிப்போச்சாம்," என்றேன். "வெள்ளிக்கிழமை பின்னேரம். கரண்டி போகேல்லை. பப்பாசி இலைத்தண்டைக் குழலா வைச்சுத் தண்ணி பருக்கப் பாத்தினமாம், பல்லுக்கு இடையிலை அதுவும் போகேல்லை. அப்புத்துரை வந்தது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் விடிய ஆள் முடிஞ்சுது. பூட்டின வாய் செத்தபிறகும் திறக்கேல்லையாம், வாய்க்கரிசி உதட்டிலைதான் போட்டதாம்."

ஐயா கிளாக்கரிடம் கையை நீட்டினார். "டெத் சேட்டிபிக்கற்றை எடும்."

கிளாக்கர் கோவையைப் புரட்டினார். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார். "டெற்றனஸ், சேர்." பிறகு எங்களுக்காக மெல்லச் சொன்னார்: "ஏற்புவலி."

"அப்ப எப்பிடி உமக்கு வாயாலை சொன்னவர்?" என்று ஐயா அப்புத்துரையைக் கேட்டார்.

"வாயாலை எண்டில்லை ஐயா... கண்ணாலை சொன்னவர். கண்ணைப் பாத்தால் விளங்கும்தானே."

"கை பாஷை இல்லை. கண் பாஷையோ?"

அப்புத்துரை சால்வையைச் சரிசெய்தார்.

அதன்பிறகுதான் ஐயா பத்மாசனியைப் பார்த்தார். அந்தக் காலையில் முதல் தடவையாக, என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார். "வாய் பூட்டினாலும் கை இருந்திருக்கும். உமக்குக் கையாலை ஏதும் சொல்லியிருப்பார். காணியைப் பற்றி என்ன சொன்னவர்?"

நான் கேள்வியைப் போட்டேன். அவள் யோசிக்கவில்லை. காணியைப் பற்றி ஒன்றும் இல்லை என்றாள். வலி விட்ட நேரம் விரலை அசைத்து வேறு ஒன்று சொன்னார். அது தனக்குச் சொன்னது, கந்தோருக்கு இல்லை என்றாள். கையை மடித்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

என்னடி செய்துவிட்டாய் என்று எனக்குள் கத்தினேன். காணி உனக்கு என்று அவர் சொன்னதாக நான் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் அந்த அறையில் யாருக்குத் தெரியும்? அந்த மொழி தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இருவர்தான். அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அதைச் சொன்ன நிமிஷமே அப்புத்துரையின் பெட்டிசம் மெய்யாகிவிடும். அவள் பேசாதவள், நான் பேசுகிறவள் என்றாகிவிடும். அவளை ஊமை ஆக்கினவள் நானாக இருப்பேன்.

"காணியைப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்லையாம்," என்றேன். "வேறை சொன்னவராம். அது தனக்குச் சொன்னதாம். கந்தோருக்கு இல்லையாம்."

கிளாக்கர் பேனையை வைத்தார். ஐயா, "கந்தோருக்கு இல்லையாமோ?" என்று திருப்பிக் கேட்டார்.

"இல்லையாம்."

அவர் பெட்டிசத்தை மேசையில் போட்டார். பிறகு கிளாக்கரிடம் சொன்னார்: "பொய் சொல்ல வந்தவை எண்டால் இதிலைதான் சொல்லியிருப்பினம். எழுதும்."

காணியை ஏற்கிறீரா என்று அவர் கேட்டார். ஏற்கிறேன், இது ஏற்கெனவே என்னுடைய கையில்தான் இருக்கிறது என்று அவள் தழும்பைக் காட்டினாள். அதையும் எழுதச் சொன்னேன். எழுதினார்களோ தெரியாது, எல்லாம் இங்கிலீசு.

"வாசியுங்கோ. அவாவுக்குச் சொல்லவேணும்," என்றேன்.

கிளாக்கர் பல்லைப் பிடித்துக்கொண்டு வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். முதல் வரியில் ஏரம்புவின் விதவை பத்மாசனி, செவிடும் ஊமையும் என்று வந்தது.

"செவிடு கிடக்கட்டும். ஊமையை வெட்டுங்கோ."

"அது வழக்கமா எழுதுறது, தங்கச்சி."

"இவ்வளவு நேரமும் பேசினவ எப்பிடி ஊமை? நீங்கள் எழுதின இங்கிலீசு எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு சொல்லும் விளங்கேல்லை. அதுக்காக உங்களை ஊமையெண்டு நாங்கள் சொன்னனாங்களோ?"

கிளாக்கர் ஐயாவைப் பார்த்தார். ஐயா யன்னலைப் பார்த்துக்கொண்டு, "வெட்டும்," என்றார்.

வெட்டினதைப் பத்மாசனி காட்டச் சொன்னாள். எந்தச் சொல் என்று கேட்டு, அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் பெருவிரலை மையில் தோய்த்துக் குற்றினாள்.

வாய்க்கால் கட்டு வழியே நடந்து வந்தோம். எனக்குக் கால் நிலத்தில் இல்லை. கந்தோரை நானே வென்றுவிட்ட நினைப்பு. சிற்றம்பலத்துக்கு எதை முதலில் சொல்வது, எதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அவளை நிறுத்தி, சரி, எனக்காவது சொல், அவர் கடைசியாக என்ன சொன்னவர் என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வலக்கைச் சின்ன விரலை இடக்கை மணிக்கட்டில் ஒருதரம் சுற்றி, மெல்ல நெஞ்சுக்கு இழுத்து, அங்கே விரித்தாள்.

அந்தக் குறியை நான் கண்டதே இல்லை. அது என்ன என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. எனக்குக் கோபம் வந்தது. ஏழு வருஷம். ஒவ்வொரு சொல்லும் என் கண்ணுக்கு முன்னால்தான் பிறந்தது என்று நினைத்திருந்தேன். அவளுக்கு வாய் நான்தான் என்று அன்று காலை முழுக்கப் பெருமைப்பட்டேன். நான் வருவதற்கு முன்பே அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்கு என்று பேசியிருக்கிறார்கள், நான் பக்கத்துக் காணியில் நின்றபோதும் பேசியிருக்கிறார்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பேசியிருக்கிறார்கள். இனி அந்தச் சொல் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வாய்க்கால் கட்டில் நின்று அழுதேன். அவள் அழவில்லை. நான் பிறகு கேட்கவில்லை. வேறு ஒருத்தரையும் அவளிடம் அதைக் கேட்க விடவும் மாட்டேன்.